சூரியனை எடுத்துவிட்ட அக்கா

"சூரியனை எடுத்துட்டேன்டா," என்றாள் முன் இருக்கையில் இருந்த அக்கா. சுங்கைப் பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் போகும் பேருந்தில் அரைத் தூக்கத்தில் இருந்த நான் உடனே விழித்துக்கொண்டேன்.

"சோலார் கம்பெனி லோகோவுலயா? பாஸ் கத்தப் போறாருலா," என்றான் அவள் தம்பி.

"எல்லாக் கம்பெனிக்கும் அதே சூரியன், அதே பச்சை இலை. பேரை மாத்தினா யாருக்குமே தெரியாது."

"அப்ப என்ன போட்ட?"

"நிழல். மத்தியானம் பேனலுக்கு அடியில ஆடுங்க வந்து படுக்குதுல்ல, அதான் லோகோ. வெப்சைட் முதல் பக்கத்துலயும் அதான். நிழல் மட்டும் மெதுவா நகரும்."

"பிடிக்கலைன்னா?"

"திரும்ப பேக்டரி ஷிப்டுதான். அனுப்பிட்டேன், இன்னும் பதில் வரல."

"எங்க, காட்டு." அவன் மடிக்கணினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். வெளியே வயல் நீரில் மேகங்கள் எங்களோடு கூடவே வந்தன.

குருன் தாண்டியதும் அவள் போனில் பாஸின் குரல் கேட்டது. "சூரியன் எங்கன்னு கேக்கத்தான்மா போனை எடுத்தேன். ஆடுங்களப் பாத்துக்கிட்டே இருந்ததுல மறந்துட்டேன். இப்படியே இருக்கட்டும்."

தம்பியிடம் சொல்லத் திரும்பினாள். திரையில் நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. ஆடுகளோடு அவனும் தூங்கிப்போயிருந்தான்.