கல்தும்பிக்கு நெற்றி

— தொடாத முத்தம்மா! கையை எடு. இப்ப என்ன சொன்ன?

— பொட்டு மங்கிப் பூட்ச்சி, புச்சா வச்சிடறேன்னேன் டாக்டரம்மா. பரீட்சைக்கு பெரிய மனுசன் வர்ற நேரத்துல மூளியா கெடந்தா நல்லாவா கீது?

— எதுல பொட்டு?

— இந்தத் தும்பிக் கல்லுலதான். நாலு வருசமா குனிஞ்சிக்கினு பார்க்குறியே, இதுல.

— எங்க வச்ச? தொடாம காட்டு.

— தோ, இங்க. ஓரத்துல, செவப்பா.

— அது பொட்டு இல்ல முத்தம்மா. கல்லாப் போன தும்பி றெக்கையில உள்ள புள்ளி.

— இன்னாம்மா நீ! நான் வச்சது எனுக்குத் தெரியாது? ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப்பு, தராசு, பீரோ எல்லாத்துக்கும் வச்சேன். இதுக்கு மட்டும் இன்னா ஓரவஞ்சனை?

— போன அக்டோபர் பூஜைக்கா? அப்பாடி! நான் போட்டோ எடுத்தது எழுபத்தொண்ணுல. அதுலயே புள்ளி இருக்கு. உன் பொட்டு மேல இருக்கு, புள்ளி அடியில இருக்கு.

— கல்லு வந்த வருசத்துலேர்ந்தே வச்சிக்கினுதான் கீறேன்மா.

— எழுபதுல இருந்தா?

— நாலு பூஜை ஆச்சி. நல்லெண்ணெய்ல கொழச்சி வைப்பேன். இல்லாங்காட்டி கல்லுல நிக்காது.

— இத்தனை பெரிய கல்லுல அந்த இடந்தான் கெடச்சுதா உனக்கு?

— பூச்சிக்கு நெத்தி அங்கதானே?

— நெத்தியா! இதுல இருக்கது ஒத்தை றெக்கை. தலையே கிடையாது.

— எனுக்கு இன்னா தெரியும்? கூரா போய்க்கினு கீது, மூஞ்சின்னு நெனச்சேன்.

— அந்தப் புள்ளியை வச்சுத்தான் முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன். றெக்கை நுனியில புள்ளி இருந்தா இன்னைக்குப் பறக்குற தும்பிக்குச் சொந்தம். இல்லன்னா அதுக்கும் முந்தி காக்கா பெருசுல பறந்து அழிஞ்சுபோன கூட்டம். உலகத்துலயே பழைய தும்பி இதுதான்னு எழுதிட்டேன். மூணு மணிக்கு ரகுபதி சார் அதைப் பாக்கத்தான் வாராரு.

— பார்த்துட்டு போட்டுமே. பொட்டுன்னு அவருக்கு எப்டித் தெரியும்? உனுக்கே தெரியல.

— கல்லும் செவப்பு. வெறுங்கை படக்கூடாதுன்னு இங்க சட்டம். நாலு வருஷமும் லென்ஸ் வச்சே பாத்தேன், ஒரு நாள் கூட தொட்டுப் பாக்கல. அந்த ஸ்பிரிட் பாட்டிலை எடு. பஞ்சும்.

— வாணாம்மா.

— எடுங்கேன்லா!

— இந்தா. அய்யோ, பஞ்செல்லாம் செவப்பாவுதே. அடியில இன்னாம்மா கீது?

— ஒண்ணும் இல்ல. வெறும் கல்லு.

— அழுவாதம்மா.

— எங்கப்பாகிட்ட மூணு வருஷம்னு சொல்லி, நாலாவதையும் கெஞ்சி வாங்கினேன். பட்டம் இல்லாம அவரோட பாண்டி பஜார் கடைப் படியேறினா, அடுத்த முகூர்த்தத்துல கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

— அப்ப திருப்பி வச்சிடறேன். டப்பா இடுப்புலதான் கீது. அதே எடம், அதே அளவு. என் விரலுக்குத் தெரியும்.

— முத்தம்மா...

— சீக்கிரம் சொல்லு. படியில செருப்பு சத்தம் கேக்குது.

— நான் அவர்கிட்ட சொல்லிருதேன்.

— இன்னான்னு? பெருக்குறவ குங்குமம் வச்சிட்டான்னா? பன்னெண்டு வருசம் பெருக்கிக்கீறேன், அடுத்த மாசம்தான் பர்மனெண்டு பண்றோம்னு சொல்லிக்கீறாங்க. சைதாப்பேட்டை ஆத்தங்கரைல இருந்த குடிசையும் போன மழைல பூட்ச்சி. உன் வாயால என்னைத் தொரத்திடாத தாயி.

— உன்னைக் கொன்னு போட்டாக் கூட எனக்கு ஆத்திரம் தீராது. டப்பாவைக் குடு.

— நீயே வைக்கப் போறியா?

— குடுன்னு சொல்லுதேன்லா.

— வரலாமா? நீங்கதானே சண்முகவடிவு? நான் ரகுபதி. மாடிப்படி ஏறினதுல மூச்சு வாங்கிடுத்து. எங்கே, உலகத்துலயே பழைய தும்பின்னு எழுதியிருக்கேளே, அந்தப் புள்ளியைக் காட்டுங்கோ.

— புள்ளி கிடையாது சார். அது இந்த டப்பாவுல உள்ள குங்குமம். நான் எழுதினது அத்தனையும் தப்பு. ஆயுத பூஜைக்கு அந்தப் பொட்டை வச்சதும் நான்தான்.