உப்புத்தாள் போட்ட கிடார்

“புதுசை வாங்கிப் பழசாக்கறதுக்குள்ள உசுரே போயிருச்சு மாப்ள” என்று முன் சீட்டில் ஒருவர் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது. சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் ஏறிய மாமாவும் மச்சினனும் அவர்கள். நடுவில் சாக்கில் சுற்றிய எலெக்ட்ரிக் கிடார். அன்று சாயங்காலம் சேலத்தில் மாமாவுக்கு முதல் கச்சேரி.

“அந்தக் காலத்து மாடலுக்குத்தான் கச்சேரில மவுசு. அசலை வாங்க நம்மால ஆகுமா? வெல கொறைஞ்சதா ஒண்ணு வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். இப்பப் பாத்தா எங்கப்பன் காலத்துலருந்து வாசிச்ச மாதிரியே இருக்குது.”

மச்சினன் திரும்பி மாமாவைப் பார்த்தான்.

“தேச்சது நீங்கதானுங்களா மாமா? எவனோ கீறல் விழுந்ததைக் குடுத்து உங்களை ஏமாத்திப்போட்டான்னு நெனச்சேனுங்க.”

“அதனால?”

“நேத்து பெயிண்ட் அடிச்சு சாக்குல சுத்தி வெச்சுட்டேனுங்க. நம்ம ஊட்டு கேட்டுக்கு வாங்குன பச்சை மீதி இருந்துச்சு.”

மாமா சாக்கை அவிழ்க்கப் பயந்தவர்போல் அதையே பார்த்தார்.

“கம்பில படலையே?”

“கம்பிக்குத்தானுங்க மொதல்ல அடிச்சேன். துருப் புடிக்கக் கூடாதில்லீங்க?”

மாமா சாக்குக்குள் கைவிட்டுக் கம்பியை மீட்டினார். ‘டொப்’ என்றது. வெளியே எடுத்த விரல்கள் பச்சையாக இருந்தன.

“காஞ்சா சத்தம் வந்துருமுங்க மாமா” என்றான் மச்சினன்.