தலையசைத்துச் சொன்ன உண்மை

இந்த அவையைத் தலைமையேற்று நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஐயா சிவசுப்பிரமணியன் அவர்களே, அலையோடு மல்லுக்கட்டித் திரும்பியும் ஓய்வெடுக்காமல் வந்து அமர்ந்திருக்கும் கருக்களாச்சேரிப் பெரியோர்களே, மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு விரைந்து வந்திருக்கும் தாய்மார்களே, திருவேட்டக்குடியிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, உங்கள் டாக்டரம்மாவின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

இதயத்தைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். இதயம் தாளம் தப்பும் நோயோடு உங்கள் நடுவே வாழும் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் முருகானந்தம். இதோ, மனைவி மணிபாரதியோடு முன்வரிசையில் இருக்கிறார். “என் கதையச் சொல்லுங்க டாக்டரம்மா, நாலு பேருக்கு உதவட்டும்” என்று அவரேதான் சொன்னார்.

நெஞ்சு படபடக்கிறது என்று சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். நாடியைப் பிடித்தேன். ஒரு துடிப்பு விரைந்தது. ஒரு துடிப்பு தயங்கியது. ஒரு துடிப்பு வரவே இல்லை. இ.சி.ஜி. எடுத்தோம். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தன. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்கு ஏறினால் வாய் கோணும், கை விழும், உயிரும் போகலாம். துடிப்பின் வேகத்தை அடக்க ஒரு மாத்திரையும், ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் கொடுத்தேன். படபடப்பு அடங்கியது.

பிறகு ஒருநாள் கடலில் வலை இழுக்கும்போது கயிறு அவர் உள்ளங்கையைக் கிழித்தது. படகோட்டும் கார்த்திகேசன், இவருடைய அக்காள் மகன், பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்ன மாமா, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது?”

“ஒண்ணுமில்லடா, ஆழமா அறுத்துடுச்சு.”

உறையாமைக்கான மாத்திரையால்தான் ரத்தம் நிற்கவில்லை என்ற உண்மையை ஏன் சொல்லவில்லை? கோழையா அவர்? இல்லை. புயலில் படகைக் கரை சேர்த்தவர். நோயாளி என்று தெரிந்தால் படகில் ஏற்றமாட்டார்களோ என்ற கவலை. உடம்புக்கு வந்த நோயைவிட உழைப்பு போய்விடுமோ என்ற அச்சம்தான் அவரை உலுக்கியது. உழைத்தே பழகிய மனிதரின் அந்தக் கலக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றோடு உறையாமைக்கான மாத்திரையை நிறுத்திவிட்டார். மணிபாரதி தண்ணீர் கொடுப்பார். இவர் விழுங்குவதுபோல் காட்டிவிட்டு மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு போய்க் கடலில் வீசுவார். படபடப்பு இல்லையே, பிறகெதற்கு மாத்திரை என்ற நினைப்பு வேறு. படபடப்பு அடங்கினாலும் ஆபத்து அடங்குவதில்லை, அன்பர்களே.

சில வாரங்கள் சென்றன. ஒரு காலை, வலை தண்ணீரில் கிடக்கிறது. முருகானந்தம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார்; சொல் குழறுகிறது; வலக்கை தொங்குகிறது.

“வெயில்தான்டா, தண்ணி குடுங்க” என்றார் ஒருவர்.

கார்த்திகேசன் மாமாவின் முகத்தைப் பார்த்தார். வாய் ஒருபுறம் கோணியிருந்தது.

“தண்ணி குடுக்காதீங்க. வலைய அறுத்து விடுங்க, கரைக்குப் போறோம்.”

“உள்ள மீன் கெடக்குடா.”

“கெடக்கட்டும்.”

அறுத்துவிட்டுப் பறந்து வந்தார்கள். மூளையை ஸ்கேன் எடுத்தோம். ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான். அடைத்த கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் உறையாமைக்கான மாத்திரை உடம்பில் இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியக்கூடும்.

“மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?” என்று மணிபாரதியிடம் கேட்டேன்.

“தெனம் நான்தாங்க தண்ணி குடுக்குறேன். ஒருநாளும் விட்டதில்லங்க.”

எடுத்த ஊசியைக் கீழே வைத்தேன். அப்போது கட்டிலில் ஓர் அசைவு. பேச்சற்றுக் கிடந்தவர் தலையை இடமும் வலமும் அசைத்தார். இடக்கையைத் தூக்கி, எதையோ தூர எறிவதுபோல் காட்டினார்.

“தூக்கிப் போட்டுட்டீங்களா?” என்றார் மணிபாரதி.

கண்ணீரோடு ஆமென்று தலையாட்டினார்.

“இந்த வாரமாச்சும் போட்டீங்களா?”

இல்லை என்றார், தலையால். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஊசியைப் போட்டோம். நாக்கு பொய் சொன்ன நாளெல்லாம் நோய் வளர்ந்தது. நாக்கே எழாத நேரத்தில் தலை சொன்ன உண்மை உயிரைக் காத்தது.

சில நாளில் பேச்சு திரும்பியது. “ஒன்ன ஏமாத்திட்டேன் பாரதி” என்றார். “பேசுறீங்கல்ல, அது போதும்” என்றார் அந்த அம்மாள்.

கார்த்திகேசன் பார்க்க வந்தபோது இவர் தலை குனிந்தார். “என்னால வலை போச்சேடா.”

“வலைய வேற பின்னிக்கலாம் மாமா. ஒங்கள எங்க போய்ப் பின்றது? சொல்லியிருந்தா கைய அழுத்திக் கட்டியிருப்போம்ல?”

என்னம்மா கேட்கிறீர்கள், ரத்தம் கசிந்தால் என்ன செய்வதென்றா? சின்னக் காயத்தை அழுத்திப் பிடியுங்கள், நிற்கும். நிற்காவிட்டால், தலையில் அடிபட்டால், மலம் கறுத்துப் போனால், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். நீங்களாக மட்டும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

முருகானந்தத்தின் வலக்கை இன்னும் முழுதாகத் தேறவில்லை. கடலுக்கும் போகவில்லை. ஆனால் இன்று அவர் மாத்திரையை எல்லோரும் பார்க்க விழுங்குகிறார். நோயுற்றவர்களே, மருந்தை விடாதீர்கள், மனத்தை மூடாதீர்கள். கூட உழைப்பவர்களே, நோய் வந்தவரை ஒதுக்காதீர்கள்; ஒதுக்குவார்கள் என்ற பயம்தானே அவரை ஊமையாக்கியது? அந்தப் பயத்தைப் போக்கும் மருந்து என்னிடம் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கதையைத் தந்த அந்தத் தம்பதியருக்கும் என் நன்றி. இதோ, மேடையை விட்டு இறங்கி வருகிறேன். ஒவ்வொருவராகக் கையை நீட்டுங்கள், நாடியைப் பார்த்துவிடுகிறேன். வணக்கம்.