குதிகால் மட்டும் என்னுடையது

மெட்ராஸில் கம்பளிச் சாக்ஸ் பின்னுகிறேன் என்று சொன்னால் யாராக இருந்தாலும் முதலில் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்தீர்கள், ஐயா. எனக்கு வருத்தமில்லை. சித்திரை வெயிலில் ராயபுரத்துத் தார்ரோட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் கம்பளி என்றாலே சிரிப்புத்தான் வரும். எங்கள் இறால் கம்பெனியின் ஐஸ் ரூமுக்குள் அரைமணி நேரம் நின்றவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

காசிமேட்டில் ஏலம் முடிந்து வருகிற இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, பெட்டியில் அடைத்து, ஐஸ் ரூமில் அடுக்குவது எங்கள் வேலை. கப்பலேறும் வரை அது அங்கே கல்லாய் உறைந்து கிடக்கும். கம்பெனி எங்களுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்தது. ரப்பர் ஈரத்தைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. என்னோடு வேலை செய்கிற தாயம்மாவுக்கு இரண்டு கால்விரல் நகம் கறுத்து விழுந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு முதல் ஜோடி பின்னிக் கொடுத்தேன்.

அந்தக் கைவேலை எனக்கு சைனா சண்டை சமயத்தில் வந்தது. கான்வென்ட் சிஸ்டர்கள் எங்கள் மாதாகோயில் பங்குப் பெண்களைக் கூட்டி, மலையில் நிற்கிற ஜவான்களுக்குச் சாக்ஸ் பின்னச் சொன்னார்கள். குதிகால் வந்ததும் மற்றவர்கள் ஊசியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் மூன்று மாதம் விடவில்லை. சாக்ஸில் குதிகால்தான் விஷயம், ஐயா. மற்றதெல்லாம் வெறும் குழாய். வட்டமாகவே போய்க்கொண்டிருப்பவள் அங்கே பாதி வரிசையில் நின்று திரும்பவேண்டும். எங்கே நிற்பது, எந்தக் கண்ணியைக் குறைப்பது என்று தெரிந்தால் பின்னல் தானாக வளைந்து, கால் உட்கார இடம் கொடுக்கும். முதல்முறை அது என் கையில் வளைந்தபோது நான் அழுதேன். புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் சந்தோஷத்தில் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

நான் எதையும் மூடிவைத்துக்கொள்கிற ஆள் இல்லை. கம்பெனியில் பன்னிரண்டு பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். மூர் மார்க்கெட்டில் பழைய ஸ்வெட்டர் வாங்கி, பிரித்து, நூலை அலசிக் காயவைப்போம். சைக்கிள் கம்பியைக் கல்லில் தேய்த்து ஊசி செய்துகொள்வோம். மதியம் சாப்பிட்டதும் அட்டைப்பெட்டிக் குவியல்மேல் எல்லோரும் என்னைச் சுற்றி உட்காருவார்கள். பதுருன்னிசா சண்டை போடுகிற வேகத்தில் பின்னுவாள். தாயம்மா ஒவ்வொரு கண்ணிக்கும் நாக்கைக் கடிப்பாள். நான்கு வருஷம் அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன்.

குதிகாலை மட்டும் நான் போட்டுக் கொடுப்பேன். அவர்களுக்கு எதற்குச் சிரமம் என்றுதான். கணுக்கால் வரை பின்னிக்கொண்டு வந்து என் மடியில் வைப்பார்கள். நான் வீட்டுக்கு எடுத்துப்போய்க் குதிகாலைத் திருப்பி, மறுநாள் கொடுப்பேன். சில சமயம் இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் ஒருத்தி வஞ்சிரம் வறுத்துக்கொண்டு வருவாள், இன்னொருத்தி என் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். நான் கேட்டதில்லை.

டோரதி கேட்டாள். அவள் என் வயதுக்காரி, என் தெருக்காரி, கோயிலில் எனக்குப் பக்கத்து இடத்துக்காரி. என் புருஷன் இறந்தபோது நாற்பது நாள் என் வீட்டு அடுப்பை எரித்தவள் அவள்தான். அவளை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான்.

"குதிகாலு எப்பதான் சொல்லித் தருவே ரோசி? நீ ஜொரத்துல படுத்தியே, தாயம்மா ஒரு வாரம் அரை சாக்ஸோட நின்னுகினு இருந்தா."

"அது உங்களுக்கெல்லாம் வராதுடி," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன கிறிஸ்மஸுக்கு அவளுக்கு ஒரு ஜோடி பின்னிக் கொடுத்தேன். மெரூன் கலர், ஊட்டியிலிருந்து வரவழைத்த புது நூல். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல குதிகால் நான் போட்டதில்லை.

தவக்காலத்தில் ஒருநாள் மதியம் போய் உட்கார்ந்தேன். என் மடியில் யாரும் எதுவும் வைக்கவில்லை. தாயம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தாள். அவள் கையில் குதிகால் வளைந்துகொண்டிருந்தது.

"யார் போட்டது?" என்று கேட்டேன்.

"நாந்தான்க்கா. டோரதி சொல்லிக் குடுத்துச்சி. ரொம்ப ஈசியாகீது. நீ இன்னாமோ மந்திரம் மாரி வெச்சிகினு இருந்தியே."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அது எனக்குத் தெரியும். டோரதி பூட்ஸைக் கழற்றி, காலை என் பக்கம் நீட்டினாள்.

"நீ குடுத்த சாக்ஸ்ல ஒண்ண பிரிச்சேன் ரோசி. வரிசை வரிசையா எண்ணி எழுதிகினு, திரும்ப அதே நூல்ல பின்னிட்டேன். கோச்சிக்காதே. எது உன்து, எது என்துன்னு சொல்லு பாப்போம்."

நான் பார்க்கவில்லை. திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன், ஐயா. ஸ்வெட்டரைப் பிரிப்போம், அது எவனோ போட்டுக் கழித்தது. எனக்காக நாற்பது நாள் அழுதவள், நான் ஆசையாகக் கொடுத்ததைப் பிரித்துப் போட்டாள். இதற்குப் பெயர் துரோகம் இல்லை என்றால் வேறு எதற்கு அந்தப் பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். நான்தான் போகவில்லை. தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பதுருன்னிசா வண்ணாரப்பேட்டையில் தன் நாத்தனார்களுக்குக் குதிகால் சொல்லிக் கொடுத்தாளாம். பக்கத்துக் கம்பெனிப் பெண்கள்கூடக் கற்றுக்கொண்டார்களாம். டோரதி இதையெல்லாம் என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னாள். "எல்லாம் நீ போட்ட விதை ரோசி" என்றாள். அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை.

இப்போது செருப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐஸ் ரூமுக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவோம். வெளியே வந்ததும் பூட்ஸைத் தொட்டியில் போட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்வோம். கதவு பூட்டுகிற சிலுவைமுத்து அண்ணன் உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார். குளிர்காற்று பட்டால் அவருக்கு இழுப்பு வந்துவிடும். மெஷின் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் வாசலைத்தான் பார்ப்பார். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே, இல்லாவிட்டால் தாழ்ப்பாள். உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது. அத்தனை வருஷத்தில் அவர் ஒருதடவைகூடத் தவறியதில்லை. ஒருமுறை என் செருப்பைப் பார்த்துவிட்டு எனக்காகவே கால்மணி நேரம் காத்திருந்தார்.

போன சனிக்கிழமை அரைநாள் வேலை. டோரதி கடைசி வரிசையில் பெட்டிகளை நேராக்கிக்கொண்டிருந்தாள். "நீ போ ரோசி, நான் வரேன்" என்றாள். நான் வெளியே வந்தேன். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. என்னுடையதைக் காலில் போட்டுக்கொண்டேன். அவளுடையது நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. அதை எடுத்து என் ஒயர் கூடையில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். கதவை நான் தொடவில்லை.

சிலுவைமுத்து அண்ணன் சாவியோடு வந்தார். "அல்லாரும் வந்தாச்சாம்மா?" என்றார்.

"செருப்பு இருக்கா பாருங்கண்ணே," என்றேன்.

பார்த்தார். இல்லை. தாழ்ப்பாளைப் போட்டார். விளக்கு ஸ்விட்சும் வெளியேதான் இருக்கிறது, அதையும் அணைத்தார்.

மரத்துப்போன விரலால் ஊசி பிடிக்கமுடியாது. ஒருமணி நேரம் இருந்தால் அவளுக்கு அது புரியும் என்று நினைத்தேன். மூன்று மணிக்குப் போய்ச் சொல்லலாம் என்றிருந்தேன். நான்கு மணிக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். ஆறு மணிக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவள் புருஷன் யேசுதாஸ் லாஞ்சில் கடலுக்குப் போயிருந்தான், திங்கட்கிழமைதான் வருவான். ஞாயிறு பூசைக்குப் போனேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது, கொஞ்சம் தாராளமாக உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் செருப்புக்குப் புது வார் மாட்டினேன். அவளிடம் கொடுக்க நல்லதாக இருக்கட்டும் என்றுதான்.

சிலுவைமுத்து அண்ணனை நீங்கள் பிடித்துவைத்திருப்பது நியாயமில்லை. எப்போதும் பார்ப்பதுபோல்தான் அவர் பார்த்தார். செருப்பு என் கூடையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக மட்டும் இல்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது டோரதி சாக்ஸ் இரண்டையும் காலிலிருந்து கழற்றிக் கையில் மாட்டியிருந்தாள் என்று தாயம்மா சொன்னாள். காலைவிட விரல் முக்கியம் என்று நினைத்திருக்கிறாள். பின்னுகிறவள் அப்படித்தான் நினைப்பாள். எங்கள் கம்பளியை நம்பியிருக்கிறாள். அதை உங்கள் ஆட்கள் "இறந்தவர் பின்னிய காலுறை, ஒரு ஜோடி" என்று எழுதியிருக்கிறார்கள். அது தப்பு.

நீங்கள் அதை மேஜைமேல் வைத்து, "எது உங்களுடையது?" என்று கேட்டீர்கள். நான் இரண்டு குதிகாலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணியாக எண்ணினேன். நீங்கள் ஒரு டீ குடித்து முடித்தீர்கள், நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டும் நான் போட்டதுதான், ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.