ஏழுமலை கொண்டுபோன ரத்தம்

"படுடா! மணல்ல படு!"

அண்ணன் ஏழுமலை கத்துகிறான். படுக்கிறேன். முதலில் ஷெல் குண்டின் ஊளை. அப்புறம் 'டும்'. முதுகில் மணல் கொட்டுகிறது. நிமிர்ந்து பார்த்தால் எங்கள் படகு இரண்டாகக் கிடக்கிறது. நல்லவேளை, பெட்டிகளை இறக்கியிருந்தோம். மாசி மகத்துக்கு மறுநாள். முல்லைத்தீவுக் கரை.

பெட்டிகளில் இருந்தது ரத்தம். எங்கள் ஊர்க்காரர்களின் ரத்தம்.

தமிழ்நாடு அந்த ஈழப் போருக்கு என்ன கொடுத்தது என்று இன்றைக்கு ஆளாளுக்குப் பேசுகிறார்கள். வாய் இருக்கிறது, பேசட்டும். நான் தலையில் சுமந்ததைச் சொல்கிறேன். அங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை, அடிபட்டவர்கள் சாகிறார்கள் என்று சேதி வந்தது. திருவிடந்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். மாமல்லபுரத்துச் சிற்பிகள் கொடுத்தார்கள். சிறுசேரி கம்பெனிப் பிள்ளைகள் ஷிப்டு முடிந்து வேனில் வந்து கொடுத்தார்கள். எங்கள் குப்பத்துப் பெண்கள் மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் கொடுத்தார்கள். முப்பத்தெட்டுப் பை. கொண்டுபோக நானும் அண்ணனும் படகோடு நின்றோம்.

"சில்லுனு வச்சிருங்க. சூடு ஏறினா வீணாயிடும்" என்றார் ரத்தம் எடுத்த நர்ஸ். அதை எங்களிடமா சொல்ல வேண்டும்? அண்ணன் சிரித்தான்.

"வஞ்சிரத்தையே கெடாம வெச்சிகினு வர்றோம்க்கா. இது இன்னா பெரிசு!"

தூளாக்கிய ஐஸ். மேலே கல்லுப்பு. மறுபடி ஐஸ். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கடிக்கும். கடலுக்குப் போகிறவன் எவனுக்கும் இது தெரியும். அண்ணன் வழக்கத்தைவிட ஒரு கை கூடவே உப்புப் போட்டான். மனித ரத்தமாயிற்றே என்றுதான்.

ஓடுகிறோம். தலையில் பெட்டி. பின்னால் ஊளை. 'டும்'. ஆஸ்பத்திரி என்பது ஒரு பள்ளிக்கூடக் கூரை. தரையெல்லாம் ஆட்கள். ஓரத்தில் ஒரு பெண். தொடையில் துணிக்கட்டு. கட்டு முழுக்கச் சிவப்பு. உதடு வெளுத்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் மருத்துவர் அழுதேவிட்டார். பெட்டியைத் திறந்தார். ஒரு பையை எடுத்து மேசையில் வைத்தார். 'டக்'. செங்கல் வைத்த சத்தம்.

"அண்ணை, இது ஐஸ்கட்டியா உறைஞ்சு போச்சு. இனி ஏத்தேலாது."

"கரைஞ்சா சரியாப்பூடும் சார்!" என்றான் அண்ணன்.

"கரைஞ்சாலும் ஏத்தேலாது. உறைஞ்சதில ரத்த அணுவெல்லாம் உடைஞ்சு போச்சு. ஏத்தினா ஆள் செத்துப்போகும்."

எல்லாப் பையும் அப்படித்தான். உப்பு செய்த வேலை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அய்யோ, அந்தச் சத்தம்! ஷெல் விழுந்த சத்தம் மறந்தாலும் அது எனக்கு மறக்காது. அப்புறம் சட்டைக் கையை மேலே இழுத்தான். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்தான்.

"என்னுத எடு சார். சீக்கிரம் எடு!"

சோதித்துப் பார்த்தார்கள். என்னுடையது அவளுக்குச் சேரவில்லை. அண்ணனுடையது சேர்ந்தது. ஒரு பை எடுத்தார்கள். அவளுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். அண்ணனுக்குத் தலை சுற்றியது. தண்ணீர் கொண்டுவர நான் வெளியே போகிறேன்.

"ஷெல்! ஷெல் வருது! விழுந்து படுங்கோ!"

ஊளை கேட்டது. 'டும்' கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கூரை இல்லை.

வேறு யாருடைய படகிலோ ஊர் திரும்பினேன். ரத்தம் கொடுத்தவர்கள் வந்து கேட்டார்கள். "நம்ம ரத்தம் யாருக்குனா ஏறிச்சாண்ணா?" உள்ளதைச் சொன்னேன். ஒருத்தரும் அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போனவை. படகு ஒன்று. ரத்தம் முப்பத்தெட்டுப் பை. அந்த மருத்துவர். கூரைக்குள் கிடந்தவர்கள், எண்ண முடியவில்லை. என் அண்ணன் ஏழுமலை. அவன் பக்கத்தில் அந்தப் பெண். பெயர் தெரியாது. ஊசி அவள் கையிலேயே இருந்தது. அண்ணனின் ரத்தம் பாதிப் பை உள்ளே போயிருந்தது. எங்கள் கரையிலிருந்து போய் அங்கே ஓர் உடம்பில் ஏறியது அவ்வளவுதான்.