துரைராஜ் மோந்து பாத்த கை

துரைராஜ் அனுப்பிச்சானா? மளிகைக் கடை துரைராஜா? உக்காருங்க சார், அந்தப் பலகையத் தள்ளிட்டு உக்காருங்க. ஆணி இருக்குது, பாத்து. வேற இன்னா சொன்னான்? வீராசாமி நல்லா பூனைக் கூண்டு செய்வான்னானா. அவ்ளோதானா? என் கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா? சொல்ல மாட்டான். சைனா சண்டை வந்த வருசத்துலேர்ந்து, ஆறு வருசமா சொல்லாதவன் புதுசா வந்த வாத்தியார்கிட்டயா சொல்லிடப் போறான்?

செஞ்சிடலாம் சார். எத்தினி பூன? ஒண்ணுதானா. பாலை உருட்டிட்டு ஓடுதா. வாத்தியார் வீடுன்னு அதுக்குத் தெரியுமா இன்னா. ஆனா அடிச்சிப் போட்றலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. பூனையக் கொன்னா காசிக்குப் போயி தங்கத்துல ஒரு பூனை செஞ்சி குடுக்கணும்பாங்க. வாத்தியார் சம்பளத்துக்கு அது ஆவாது.

இத்தப் பாருங்க. மண்ணெண்ண டின்னு வர்ற பெட்டிப் பலகை. ரெண்டு முழம் நீளம். பூனை உள்ள நடந்து போவணும், திரும்ப எடம் இருக்கக் கூடாது. அந்தக் கோடியில பலகை அடிக்காம குச்சி குச்சியா விட்டிருக்கேன் பாத்தீங்களா? அந்தாண்ட வெளிச்சம் தெரிஞ்சி, வழி இருக்குதுன்னு நெனச்சாத்தான் அது நுழையும். இந்தக் கோடியில கதவு. ரெண்டு பக்கமும் உளியால வெட்டின பள்ளம், காடி, அதுல ஏறி எறங்கும். கதவுலேர்ந்து கயிறு மேலால போயி உள்ள ஒரு சின்னக் குச்சியில நிக்குது. குச்சியில தீனி. இழுத்துச்சின்னா குச்சி நழுவும், கதவு தொப்புனு வுழும். அடியில ஒரு விரல் சந்து விடணும் சார். இல்லேன்னா வாலு நசுங்கிடும். பூனைக்கும் வாலு இருக்குது, மானம் இருக்குது, நாமதான பாக்கணும்?

என் மானத்த எவன் பாத்தான்?

அந்தச் சண்டை வருசம் துரைராஜ் கடையில பரண் போடணும்னு கூப்ட்டான். அவன் வெண்ணெய்ப் பானைய உறியில, கூரைக்குக் கீழ தொங்க விட்டிருப்பான். ஊரு பொம்பளைங்க கொண்டாந்து போடற வெண்ணெய். உருண்டை உருண்டையா சேத்து வச்சி, உருக்கி விப்பான். எலி ஏறாது, பூனை தாவாது. எனக்கு நாலு நாள் வேலை. மொத நாளு நாலு காலும் நட்டதோட சரி. ரெண்டாம் நாளு சட்டம் அடிச்சி பலகை ஏத்தினேன். மீதி ரெண்டு நாளு ஓரம், ஏணி. இந்த நாலு நாளும் நாளைக்கு ஒரு உருண்டை காணாம போவுது.

நாலாம் நாளு வெள்ளிக்கிழமை. சந்தைக் கூட்டம். என்னைப் பரண்லேர்ந்து எறக்கி, கடை வாசல்ல நிக்க வச்சி, பையக் கொட்டுடான்னான். கொட்டினேன். உளி வுழுந்திச்சி, ஆணி வுழுந்திச்சி. கையக் காட்டுடான்னான். காட்டினேன். மோந்து பாத்தான் சார். என்னைவிட பத்து வயசு சின்னவன், ரெண்டு கையையும் புடிச்சி, மாட்டுக்காரன் மாட்டைப் பாக்கற மாதிரி மோந்து பாத்தான். மரம் ஒட்டற வச்சிரப் பசை நாத்தம்தான் அடிச்சிது. அப்பவும் வுடல. நாலு உருண்டையும் இவன்தான்னான். மோர் விக்கற அம்மாக்கண்ணு இருக்கறாளே, கூடைய எறக்கி வச்சிட்டு சிரிச்சா. இன்னிக்கும் கல்யாணப் பந்தியில நெய் ஊத்த வர்றவன் என் எலையாண்ட வந்தா, போதுமா வீராசாமி, கை நாறுமேங்கறான்.

நான் வேலைய விட்டு நின்னப்பறமும் வெண்ணெய் போச்சு சார். அதான் வேடிக்கை. ஒரு வாரம் பொறுத்துப் பாத்தான். அப்பறம் கடை ஆளை விட்டு, கூண்டு ஒண்ணு வேணும்னு சொல்லி அனுப்பறான். அவனா வரல. செஞ்சிக்கினு போயி நானே பரண் மேல வச்சேன். விடிஞ்சி பாத்தா கதவு வுழுந்து கெடக்குது. உள்ள காது கிழிஞ்ச கடுவன் பூனை ஒண்ணு, மீசையெல்லாம் வெண்ணெய். அவன் சொல்லி நான் போட்ட பரண்தான் சார் அதுக்கு மாடிப்படி!

அதே வாசல்ல கொண்டாந்து வச்சேன். அன்னிக்கும் கூட்டம். இந்தா, இத்த மோந்து பாருன்னேன். குனிஞ்சான். பூனையப் பாப்பான்னு பாத்தா பலகையத் தட்டிப் பாக்கறான். காடியத் தடவறான். நல்லா ஓடுதான்னு கதவ ஒரு தூக்குத் தூக்கினான் பாருங்க, கடுவன் எல்லார் கால் சந்துலயும் பூந்து ஓடிப்போச்சு. எனக்குன்னு இருந்த ஒரே சாட்சி சார் அது. நல்ல வேலைடா வீராசாமின்னான். அவ்ளோதான். கூட்டத்துலேர்ந்து நாலு பேரு எனக்கொரு கூண்டு, எனக்கொரு கூண்டுன்னாங்க. அன்னிலேர்ந்து யாரு பூனைன்னு போனாலும் எங்கிட்ட அனுப்பறான். ஆளுங்கள அனுப்பினா சரியாப்பூடுமா? வாயத் தொறந்து சொல்ல வேணாமா?

உங்க கூண்டு நாளைக்கு முடிஞ்சிடும். கருவாடு வைங்க. புடிச்சா நம்ம ஊர்க் கோட்டைக்கு அந்தாண்ட விடாதீங்க, ரெண்டே நாள்ல திரும்பிடும். வல்லம் போற பஸ்சுல எட்டக் கொண்டுபோயி விடுங்க. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணணும். படிச்சவரு சொன்னா அவன் கேப்பான். வர்ற வெள்ளிக்கிழமை, அதே வாசல்ல நின்னு, மூணு உருண்டை வீராசாமி எடுக்கலன்னு அவன் வாயால சொல்லணும்.

மூணுதான் சார்.

ஆமா, நாலு காணாம போச்சுன்னுதான் சொன்னேன். வாத்தியாராச்சே, புடிச்சிட்டீங்க. மொத நாளு வெறும் காலுதான நட்டிருந்தது, பலகையே இல்லாம பூனை எப்படி ஏறும்னு கேக்கறீங்க. ஏறாது சார். அந்த ஒண்ணு நான் தின்னது.

முக்காலி மேல ஏறி அளவெடுக்கறேன், பானை மூஞ்சிக்கு நேரா இருக்குது. ஒரு விரல் தொட்டேன். இன்னொரு விரல் தொட்டேன். பாதி உருண்டைய விட்டு வச்சா தெரிஞ்சிடாதா?

சிரிக்காதீங்க சார். அதுக்கு ஈடா அந்தப் பரண்ல அவன் கேக்காத ரெண்டு சட்டம் சேத்து அடிச்சிக் குடுத்திருக்கேன். அது நேராப்பூடுச்சு. அவன்தான் இன்னும் மூணு பாக்கி.