வெள்ளைப் பைக் கப்பல்

பிள்ளை, இலவசமாக உள்ளே விடுகிற இடங்களுக்கு நான் போவதில்லை. வாசலில் காசு கேட்காதவன் உள்ளுக்குள் வேறு எதையாவது வாங்கிவிடுவான். நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர். இதை இந்தப் பொலிஸ்காரருக்குச் சொன்னாலும் சரி, விட்டாலும் சரி.

ஹருனா என்கிற அந்த ஜப்பான்காரப் பெட்டை லண்டன் டூட்டிங்கில் என் பலசரக்குக் கடைக்கு வந்து வெள்ளைக் கடைப்பைகளைக் கட்டுக்கட்டாக வாங்கினாள். சாமான் வேண்டாம், பைதான் வேண்டுமாம். விலை குறைக்கச் சொல்லிக் கேட்கவுமில்லை. அப்போதே எனக்கு அவள்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. பிறகு வந்து, கோலியர்ஸ் வுட்டில் பூட்டிக்கிடந்த ஒரு சப்பாத்துக் கடைக்குள் தன் முதல் கண்காட்சி, காசில்லை, வாருங்கள் என்றாள். என் மனுசி ஜெயகௌரி ஊரில் சண்டை முடிந்த மே மாதத்துக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளிக்கிடுவதில்லை. கடைப்பைக்கு வந்த வாழ்வைப் பார்ப்பம் வா என்று கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே ஒரு கப்பல். முழுக்க என் பைகள். நைலோன் நூல்களில் தொங்கியது. மின்விசிறிக் காற்றில் மூச்சுவிடுகிற மாதிரி உப்பி உப்பி அடங்கியது. நடுவில் நிலத்தில் ஒரு நீள மரப்பெட்டி, விரும்பினால் ஏறி இருக்கலாம் என்றாள் ஹருனா. ஜெயகௌரி சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு ஏறி இருந்தாள். பூட்டுகிற நேரமாகியும் இறங்கவில்லை.

"எழும்பு, கௌரி."

"கொஞ்சம் பொறுங்கோ. நிரூபன் ஏறட்டும்."

நிரூபன் அவளுடைய தம்பி. மனைவி, பிள்ளைகளோடு முள்ளிவாய்க்கால் கடற்கரையில் பதுங்குகுழிக்குள் இருந்தவன். ஒருவரும் மிஞ்சவில்லை. இவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். இவள் ஒதுங்கி இருந்து பக்கத்தில் இடம் விட்டாள். தன் கலை ஒருத்தியைத் தொட்டுவிட்டது என்று ஹருனா எனக்குத் தலைகுனிந்து நன்றி சொன்னாள். நான் பெட்டி வெட்டுகிற கத்தியை எடுத்து நூல்களை வெட்டினேன். ஆத்திரத்தில் இல்லை. ஒவ்வொன்றாகத்தான்.

ஏன் என்று பொலிஸ்காரர் கேட்கிறார். சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஆரும் கடைக்குள் நின்று 'இல்லை' என்று சொல்வதில்லை. சாமான் முடிந்திருந்தாலும் 'வரும்' என்போம். இல்லை என்றால் லட்சுமி போய்விடுவா. ஆளும் அடுத்த கடைக்குப் போய்விடும். ஏப்ரலில் நிரூபன் ஆருடையதோ சற்றலைட் போனில் கடைக்குக் கோல் எடுத்தான். அங்கே சனம் உயிர் தப்பத் தண்ணீருக்குள்ளால் இறங்கி ஆமிக்காரரின் பக்கம் போய்க்கொண்டிருந்த நேரம்.

"அத்தான், சனத்தை ஏத்த வெளிநாட்டுக் கப்பல் வருமாம். உண்மையோ? இல்லையெண்டால் நாங்களும் இறங்கிப் போறம்."

கப்பலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை, கடை நிறையச் சனம். ஒருத்தி முருங்கைக்காயைத் தூக்கிக்காட்டி விலை கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வரும்," என்றேன்.

லண்டன் அத்தான் சொல்லிப்போட்டார், ஒருத்தரும் போகாதையுங்கோ என்று அவன் மற்ற ஆக்களுக்குக் கூப்பிட்டுச் சொன்னது போனில் கேட்டது. பக்கத்துக் குழிச் சனமும் நின்றுவிட்டது. எனக்கு முருங்கைக்காய் எல்லாம் அன்றைக்கே விற்று முடிந்தது.

திருப்பி எடுத்து, எனக்குத் தெரியாது, நீ போ என்று சொல்லியிருக்கலாம். இலக்கம் போனில் கிடந்தது. கிழமைக்கணக்காக நேரமும் கிடந்தது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவனைப் பிறகு ஆர் நம்புவார்கள்?

ஜெயகௌரி வெளியில் கதிரையில் இருக்கிறாள். தம்பி பிடிவாதக்காரன், அதுதான் வெளிக்கிடாமல் இருந்துவிட்டான் என்று நம்புகிறாள். இந்தக் கதவு மெல்லிசு. ஆகையால் பிள்ளை, கொஞ்சம் மெதுவாக, இங்கிலீசில் சொல்லுங்கோ: நூல்களை வெட்டினது நான்தான், என்ன தண்டம் என்றாலும் கட்டுகிறேன். மற்றதைச் சேர்க்கவேண்டாம். அது வெறும் ஒரு சொல்லுத்தானே.